தனப்பிரியாவின் சண்டை ரோபோ

கோபம் வந்தால் தனப்பிரியா பேசமாட்டாள். ஏற்கெனவே இறுக்கிய ஸ்குரூவை எடுத்து இன்னும் ஒரு சுற்று இறுக்குவாள். ஏழு வருடமாக இப்படித்தான் இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு வேலை சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு மாடியில் இருக்கும் புராஜெக்ட் சென்டரில். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடம் தாங்களே செய்யவேண்டிய புராஜெக்டை வாங்கிக்கொண்டு போகிற புண்ணியத் தலம் அது. செய்கிறவள் இவள். இளம்பிள்ளையில் தறி ஓட்டும் குடும்பம், மெக்கானிக்கல் டிப்ளமோ. இவள் செய்ததைக் காட்டி மெடல் வாங்கிய பையன்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். போட்டோவில் அவர்கள் சிரிப்பார்கள், இவள் பெயர் எங்கேயும் இருக்காது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் நவநீதகிருஷ்ணன் வந்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளியின் மகன். கல்லூரிகளுக்கு இடையே சண்டை ரோபோ போட்டியாம். கூண்டுக்குள் இரண்டு இயந்திரங்கள் மோதும், நகராமல் நின்றுபோனது தோற்றது. எடை பதினைந்து கிலோவுக்குள் இருக்கவேண்டும்.

"பாத்ததும் பயப்படோணுங்க்கா. மேல பெரிய ரம்பம், சுத்தியும் முள்ளு."

"முள்ளு என்னத்துக்குங் தம்பி? அடி வாங்குன பொறவும் நகருமான்னு மொதல்ல பாக்கோணும்."

சென்டர் முதலாளி மோகன்குமார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கேக்கறதச் செஞ்சு குடும்மா. உனக்கெதுக்கு வியாக்கியானம்?"

தனப்பிரியா முதல்முறையாக எதிர்த்துப் பேசினாள். செய்தால் தன் யோசனைப்படிதான் செய்வேன், விண்ணப்பத்தில் வடிவமைப்பு என்கிற இடத்தில் தன் பெயரும் வரவேண்டும் என்றாள். "கண்டிப்பாப் போட்டர்றங்க்கா," என்றான் நவநீதகிருஷ்ணன்.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு தண்ணீர் மறந்தது. அட்டையை வெட்டி ஒட்டி, தரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சக்கரங்களை உடம்பைவிட உயரமாக வைத்தாள். குப்புற விழுந்தாலும் ஓடவேண்டுமே. முன்னால், சுழன்று அடிக்க ஒரே ஒரு உருளை, அதில் இரண்டு பல். எதை மாட்டினாலும் தராசில் வைத்த பிறகே மாட்டினாள். முடித்ததும் மொட்டை மாடியில் ஓட்டி ஹாலோ பிளாக்கில் மோதவிட்டாள். கல் உடைந்தது. வண்டி கவிழ்ந்து, கவிழ்ந்தபடியே திரும்பி அவளிடம் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

மறுவாரம் விண்ணப்பத்தின் நகல் கண்ணில் பட்டது. வடிவமைப்பு: நவநீதகிருஷ்ணன்.

"ஏனுங் சார், எம் பேரு?"

"உம் பேரப் போட்டா பசங்க சொந்தமாச் செய்யலீன்னு தெரிஞ்சு போயிருமில்ல?" மோகன்குமார் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டாள். இருந்தாலும் தான் செய்தது சண்டை போடுவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டு, வாழப்பாடி ரோட்டில் போட்டி நடந்த கல்லூரிக்குப் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்தாள்.

பரிசோதனை மேசையில் அவளுடைய வண்டி சிவப்பில் நின்றது. பக்கத்தில் அதே வண்டி நீலத்தில். அதற்கும் பக்கத்தில் பச்சையில். மோகன்குமார் ஒன்றை அச்சாக வைத்து, வெளிப் பட்டறையில் இரண்டு நகல் எடுத்து, மூன்று கல்லூரிக்கு விற்றிருக்கிறார். ஒரே புராஜெக்டை ஊர் ஊராக விற்றுப் பழகிய மனிதர். சண்டை ரோபோக்கள் ஒரே கூண்டில் வந்து நிற்கும் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

பரிசோதிக்க வந்த அம்மாள் மூன்றையும் புரட்டிப் போட்டார். அடித்தகட்டில் ஒன்றும் மாட்டாத நான்கு ஓட்டைகள், மூன்றிலும் அதே இடத்தில். "இது எதுக்கு?"

"வெயிட்டக் கொறைக்கறதுக்குங்க மேடம்," என்றான் நவநீதகிருஷ்ணன். நீல வண்டிக்காரன் காற்று போவதற்கு என்றான். பச்சை வண்டிக்காரன் திருதிருவென்று விழித்தான்.

தனப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஈயடிச்சான் காப்பி அடித்த கழுதைகள், அதையுமா விடாமல் அடிப்பார்கள்? விடுவிடுவென்று இறங்கி மேசைக்குப் போனாள்.

"அது தப்புங்க மேடம். மோட்டாருக்கு ஆறு மில்லி தள்ளி அளவு எடுத்துப் போட்டேன். ஓட்டை போட்ட பொறவுதான் தெரிஞ்சுது. பக்கத்துலயே வேற போட்டு மாட்டுனேன். அந்தத் தப்பு என்னோடதுங்க."

சுவரோரம் நின்ற மோகன்குமார் பாய்ந்து வந்தார். "தனம், போயி உக்காரு. நாளைக்கு வேலைக்கு வரோணுமா வேண்டாமா?"

"ஏழு வருசமா உக்காந்துதானுங்க இருக்கறேன்."

அந்த அம்மாள் சக்கரத்தைப் பற்றி, பேட்டரியைப் பற்றி, உருளையின் பல்லைப் பற்றிக் கேட்டார். தனப்பிரியா நின்ற இடத்திலேயே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கேட்டு முடித்தவர், "மூணு டீமும் வெளிய. சொந்த வடிவமைப்பு இல்லை," என்றார்.

"ஒரே ஒருக்கா ஓட்டட்டுங்களா? நான் ஓட்டறனுங்க."

"விதியில இடமில்லைம்மா."

கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. ஒரு அடிகூட வாங்காத வண்டி, சிவப்புப் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. நவநீதகிருஷ்ணன் அவளை முறைத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

சிவப்பு வண்டியின் நிராகரிப்புத் தாளில் வடிவமைப்பு என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு, "பேரு சொல்லுங்க," என்றார் அந்த அம்மாள். சொன்னாள். அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடப் போனார்.

"மீதி ரெண்டுலயும் எழுதுங்க மேடம்," என்றாள் தனப்பிரியா. "மூணுலயும் இருக்கறது என் தப்புத்தானுங்க."