பழைய ஓனருக்குப் போன மெசேஜ்

ரிடையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த பக்கத்து வீட்டு சாரிடமிருந்து, இரண்டு வருடமே ஓடிய அவருடைய காரை வாங்கினோம். ஆர்.சி.யை எங்கள் பெயருக்கு மாற்றியதோடு சரி; கார் கம்பெனியில் எங்கள் போன் நம்பரைக் கொடுக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் முத்தாண்டிக்குப்பத்தில் ஓட்டத்திலேயே இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அலறியது.

“பிரேக்கைப் புடிங்க!” என்று கத்தினேன்.

“புடிச்சிக்கினுதான் இருக்கேன், நிக்கலியே!” என்றார் கணவர். இன்ஜின் நின்றதில் பிரேக்கோடு ஸ்டீயரிங்கும் இறுகிவிட்டது. மண்மேட்டில் மோதித்தான் நின்றோம்.

சர்வீஸ் சென்டரில், “இந்த மாடல்ல பெட்ரோல் பம்ப் கோளாறு, மாத்தித் தரோம்னு கம்பெனியே கூப்பிட்டுதே. மெசேஜ் வரலீங்களா?” என்றார்கள்.

சாருக்குப் போன் செய்தேன். “வந்துதும்மா. வண்டியைத்தான் வித்துட்டமேன்னு அழிச்சிட்டேன்” என்றார்.

இப்போது மாதாமாதம் கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டு, வேறு கோளாறுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். எங்கள் பிளாக்கில் அதே மாடல் இன்னும் இரண்டு இருக்கிறது. போய்ச் சொன்னால், “எங்க வண்டி நல்லாத்தாங்க ஓடுது” என்று சிரிக்கிறார்கள்.

எங்கள் வண்டியும் முத்தாண்டிக்குப்பம் வரை நன்றாகத்தான் ஓடியது.