இருட்டில் கேட்ட பதினொன்று

நேத்து ராத்திரி நட்சத்திரம் பார்க்கப் போயிட்டு, இப்பதான் வீட்டுக்கு வந்தேன். பல்லு கூடத் தேய்க்காம இந்த மெயிலை அடிக்கிறேன்.

மந்தைவெளியிலேர்ந்து ஒரு வேன்ல வாத்தியாரையும் சேர்த்து நாங்க பத்து பேர், ரெண்டு டெலஸ்கோப், டிரைவர் முனுசாமி. செங்கல்பட்டு தாண்டி வறண்டு கிடந்த ஒரு ஏரியில இறங்கினோம்.

கூட்டிட்டுப் போன ஃபிசிக்ஸ் வாத்தியார் கணேசன் சார் இறங்கினதுமே கண்டிஷன் போட்டார். "யாரும் டார்ச் அடிக்கக் கூடாது. கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்."

சனி கிரகத்தை வளையத்தோட பார்த்தேன். பக்கத்துல நிக்கறது யாருன்னுதான் தெரியல.

ஆள் தொலைஞ்சிடக் கூடாதுன்னு சார் அப்பப்ப நம்பர் சொல்லச் சொல்வார். சொன்னோம். எட்டு. ஒம்பது. பத்து.

அப்புறம் கொஞ்சம் தள்ளி, மெதுவா ஒரு குரல்: "பதினொன்னு."

யாரோ என் இடது கையைக் கெட்டியாப் பிடிச்சாங்க. ஜில்லுன்னு இருந்தது. நானும் விடல.

"சார், டார்ச்!"னு கத்தினேன்.

"போடாதீங்க! மறுபடி அரை மணி நேரம் வீணாப் போயிடும்!"

பேயே வந்தாலும் அவருக்கு டார்ச் அடிக்கக் கூடாது.

வேன் பக்கத்துலேர்ந்து அதே குரல்: "நான்தான் சார், முனுசாமி. வண்டில தனியா பயமா கீது. நானும் உங்களோட நின்னுக்கிறேன்."

எல்லாரும் சிரிச்சோம்.

திரும்பும்போது வேன்ல லைட்டைப் போட்டு, என் கையைப் பிடிச்சது யாருன்னு கேட்டேன். ஒம்பது பேரும் "நான் இல்லை"ன்னுட்டாங்க. முனுசாமி நின்னது இருபதடி தள்ளி.

இந்த மெயிலை எல்லா ஃப்ரெண்ட்ஸுக்கும் அனுப்பறேன், அந்த ஒம்பது பேருக்கும் சேர்த்து. யாராவது ஒருத்தர் "நான்தான்"னு பதில் போடுங்க.

பொய்யா இருந்தாலும் பரவாயில்லை. இன்னிக்கு ராத்திரி நான் தூங்கணும்.