பதினாறு பின்களுக்கு வைத்த பொட்டு

போன வாரம் காய்ச்சலுக்கு ஊசி போடப் போயிருந்தேன். நர்ஸம்மா உறையைக் கிழித்ததும் சிரிஞ்சைப் பிடுங்காத குறையாக வாங்கி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, உட்பக்கம் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமான பொருளைத் தொட்டுக் கெடுத்ததாகக் கடிந்துகொண்டு அவர் வேறொன்றைப் பிரித்தார். என்ன செய்வது, பழைய வியாதி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் முதல் வேலை உழவர்கரைப் பக்கம் சிரிஞ்சு அச்சு செய்கிற பட்டறையில். சிரிஞ்சின் உள்துவாரத்தை உண்டாக்குவது ‘கோர் பின்’ என்கிற எஃகுக் கம்பி. அச்சு ஒன்றுக்குப் பதினாறு. துருப்பிடிக்காத எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கி, அரைத்து, கடைசியில் வைரப் பசையால் தேய்த்துக் கண்ணாடியாக்க வேண்டும். பின்னில் ஒரு கீறல் என்றால் பிறக்கிற சிரிஞ்சிலெல்லாம் அதே கீறல். வியர்வைக் கை படக்கூடாது, பக்கத்தில் தும்மக்கூடாது. மாமியார் வீட்டில்கூட இத்தனை சட்டம் கிடையாது. எரிச்சலாக வரும்.

பாலிஷ் போடுகிறவர் சவரிமுத்து. பிரான்சிலிருந்து அவருடைய அண்ணன் பன்னிரண்டு வருஷம் கழித்து வருகிறார், இருக்கப்போவதோ இரண்டே வாரம். அதற்காக இவர் பதினாறு பின்களையும் முன்கூட்டியே பாலிஷ் போட்டு முடித்து லீவு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. லேத்துக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்த பிறகும் என் கை சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழம் அறுத்த ஈரக் கையோடு பதினாறு பின்களுக்கும் வரிசையாகச் சந்தனம், குங்குமம். மேனேஜரும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

விடுமுறை முடிந்து வந்தால் பொட்டுக்கு அடியில் எஃகு அரித்துப் புள்ளி புள்ளியாகத் தடம். பயந்துபோய்ப் பழந்துணியால் துடைத்தேன். குங்குமத் துகள் இழுபட்டுக் கீறலும் சேர்ந்துகொண்டது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

மேனேஜர் ஆள் விட்டு சவரிமுத்துவை வரவழைத்தார். அவர் ஒரு பின்னை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாமிக்குன்னுதான வச்ச, வுடு தம்பி. எங்க அண்ணன நோணாங்குப்பத்துல படகுல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ போயி இன்னிக்கி இல்லன்னு சொல்லிட்டு வா.”

போனேன். பெரியவர் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். நாளைக்குப் போனால் போகிறது என்றார். மறுநாளும் அதே சேதியோடு போனேன், அதற்கு மறுநாளும். நாலாம் நாள் என்னைப் பார்த்ததுமே அவராகத் தொப்பியைக் கழற்றிவிட்டார். பதினாறாவது பின் பளபளத்த அன்று காலைதான் அவர் விமானம் ஏறியிருந்தார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சவரிமுத்து ஒருநாளும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை, அதுதான் இன்றுவரை தாங்கவில்லை. அடுத்த தடவை வரும்போது படகில் போகலாமென்று சொல்லிப் போன அவருடைய அண்ணன், பிரான்சிலேயே இறந்துபோனார்.