பத்தாவது ஆளின் கறுப்பு முகமூடி

போலந்தின் பியாலிஸ்டாக் ஊரில் மல்யுத்தக்காரர் இரும்பு கெட்சல் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நூற்றுப் பதினெட்டு கிலோ. காலையில் வெங்காய ரொட்டி பன்னிரண்டு, தொட்டுக்கொள்ள உப்பு மீன் நான்கு. அப்புறம்தான் வாயைத் திறப்பார். ஒன்பது வருடமாக அவர் முதுகு சர்க்கஸ் பாயைத் தொட்டதில்லை. நம் யூத ஆட்களை ஏச நினைக்கிறவன்கூட, பின்னால் கெட்சல் வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஏசுவான்.

அதில் கொஞ்சமும் பெருமைப்படாத ஒரே ஆள் அவருடைய அப்பா, குதிரைவண்டிக்காரர் ஸைன்வெல். சாகக் கிடந்தபோதும் அவர் வாய் ஓயவில்லை.

"வருஷா வருஷம் நான் செத்த நாள்ல நம்ம வண்டிக்காரங்க ஜெபக்கூடத்துல எனக்காகக் கதிஷ் ஜெபம் சொல்லணும். நீ எங்கடா வரப்போறே? எவனையாவது மல்லாத்திக்கிட்டிருப்பே."

அந்தப் பேச்சு கெட்சலின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஆறு வருடம் தவறாமல் போய்ச் சொன்னார்.

ஏழாம் வருடம் வந்தது வினை. முந்தின இரவும் காலையும் பனியில் நின்றுபோன ரயிலிலேயே கழிந்தன. கதிஷ் சொல்லக்கூடிய மூன்று வேளை ஜெபத்தில் மிச்சம் மாலை ஜெபம்தான். அதுவும் சூரியன் மறைவதற்குள். அன்றைக்கே சாம்பியன் பந்தயம். முதல் ஆட்டமே உங்களுடையது என்று சத்தியம் செய்த சர்க்கஸ் முதலாளி, யானை அடம்பிடிக்கிறது என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். யானையிடம் யார் கோபித்துக்கொள்வது?

எதிராளி கறுப்பு முகமூடி. எந்த ஊர், என்ன பேர், ஒருவருக்கும் தெரியாது. தோற்றால்தான் கழற்றுவான் என்று ஒப்பந்தம். இருவரும் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தபோது, ஜெபக்கூடத்து நிர்வாகி லெம்மல் சர்க்கஸ் பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினார்.

"கெட்சல்! ஒம்பது பேருதான் இருக்கோம்! நம்ம ஆளுங்க பத்து பேரு இல்லாம கதிஷ் கிடையாது! சூரியன் கூரைக்கு வந்தாச்சு!"

"லெம்மல் ஐயா, இவன் வழுக்குறானே!"

"அப்ப நீ தோத்துட்டு வாயேன்!"

கெட்சல் ஒரு கணம் நின்றார். ஒன்பது வருடம். பிறகு மெல்லப் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

முகமூடி கிட்டே வரவேயில்லை. கெட்சலின் தந்திரங்களைப் பற்றி அவன் நிறையக் கேள்விப்பட்டிருந்தான்.

"வாடா, வந்து அமுக்கு!"

"மாட்டேன். ஏதோ வச்சிருக்கே."

"முதுகுதான்டா வச்சிருக்கேன்!"

கடைசியில் கெட்சல் உருண்டுபோய், ஓடியவனின் காலைப் பிடித்து இழுத்து, தன் மார்பின்மேல் போட்டு, அவன் திமிறாதபடி இறுக்கிக்கொண்டு, தன் இரண்டு தோளையும் தானே பாயில் பதித்தார். அவர் அவ்வளவு பாடுபட்டு ஒருத்தரையும் ஜெயித்ததில்லை. நடுவர் விசிலை ஊதக்கூட மறந்து நின்றார். ஒருவழியாக விசில் கேட்டதும் கெட்சல் ஆட்ட உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே லெம்மல்.

ஜெபக்கூடத்தில் போய்ப் பார்த்தால் கெட்சலைச் சேர்த்தே ஒன்பது பேர். ஒருவருடைய குதிரை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட, அவரும் அதன் பின்னால் ஓடியிருந்தார். ஜன்னலில் வெளிச்சம் கையளவுதான் மிச்சம். கெட்சல் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார்.

கதவு படீரென்று திறந்தது. முகமூடி.

"ஏன்டா தோத்தே? என்னைக் கேலி பண்றியா?"

அவன் கெட்சலின் ஈரக் கண்ணைப் பார்த்தான். ஒன்பது தலைகளையும் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"பத்தாவது ஆள் வேணுமா? என்னைச் சேத்துக்கங்க."

லெம்மலுக்கு மூச்சு வர நேரமாயிற்று. "நீ நம்ம ஆளா? உங்கப்பா யாரு?"

"ஸ்லுட்ஸ்க் ஊர்க் கொல்லர் ஸெலிக். நான் மல்யுத்தம் பண்றது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா சுத்தியலாலேயே அடிப்பாரு. அதுக்குத்தான் இந்த முகமூடி."

"அதைக் கழட்டுப்பா."

"முடியாதுங்க. ஜெயிச்சுட்டேனே."

லெம்மல் தாடியைத் தடவினார். "தலை மூடியிருக்கணும்னுதான் வழக்கம். முகமும் சேந்து மூடியிருந்தா தப்புன்னு எங்கேயும் போடலை. நில்லு."

கெட்சல் கதிஷ் சொன்னார். முகமூடிக்குள்ளிருந்து வந்த ஆமென்தான் எல்லாவற்றிலும் பெரிது; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முடிந்ததும் கெட்சல் அண்ணாந்து பார்த்தார்.

"அப்பா, வந்துட்டேன். இன்னிக்கு மல்லாந்தது நான்தான்."