முத்திரை தேய்ந்த எடைக்கல்

1976-ஆம் வருடம், ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள். கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட் அருகே இருந்த எங்கள் மளிகைக் கடைக்கு எடையளவு இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். இரண்டு கிலோ கல்லைத் திருப்பிப் பார்த்தவர், "சர்க்கார் முத்திரை எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

கல்லின் அடியிலிருந்த ஈயத்தில் முத்திரையே இல்லை. பூஜைக்காக என் மனைவி புளியும் செங்கல் பொடியும் போட்டு அதைத் தேய்த்தெடுத்திருந்தாள். முத்திரையில்லாத கல்லுக்குச் சிறை வரைக்கும் போகலாம் என்று எங்கோ படித்திருந்தேன்.

அவள் உள்ளிருந்து ஓடி வந்தாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

"தேச்சது நானுங்க சார். அவரை உட்டுட்டு என்னையக் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் அவளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளுக்கத் தேச்சதுக்கு ஜெயிலாம்மா? தப்பை ஒத்துக்கிட்டு ஃபைன் அடைச்சா கேஸ் கோர்ட்டுக்குப் போகாது."

அபராதம் கட்டி ரசீது வாங்கினேன். அவர் போன பிறகும் அவள் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "நெசமாவே போயிட்டாருங்களா?" என்றாள்.

சட்டம் அன்று எங்களிடம் அபராதத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும், சிறைக்குப் போக அவள் முன்னால் வந்து நின்ற அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.