கதவுக்கு மேல் மூலையில் ஒருவர்

கறார் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவளோடு பயிற்சி எடுத்தவர்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டாலும் உருவிப் போட்டு மறுபடி விரிக்க வைப்பாள். "சுருக்கம்தான் புண்ணுக்கு அப்பன்" என்பாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரும்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் கணவனைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். அவன் போன பிறகு, தெரிந்த ஒரே வேலையை முறையாகப் படித்துவிடலாம் என்று சேர்ந்தாள். அழுதுகொண்டே வேலை செய்தால் கை நடுங்கும் என்பதால் அழுவதில்லை.

சில வருடங்களாக அவள் பார்த்துக்கொள்வது, தொலைபேசி நிலையத்தில் ஆயுசெல்லாம் வேலை பார்த்த ஓர் அம்மாவை. தெருவில் எல்லோருக்கும் அவர் ஹலோ அம்மா. ஆரம்பத்தில் அவருக்கு நினைவு நன்றாக இருந்தது. வாய் அதைவிட நன்றாக இருந்தது.

"நீ கும்பிடவே மாட்டியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் கும்பிட உக்காந்தா உங்க கால் நகத்தை யார் வெட்டறது?"

"பிழைச்சுக்குவே. என் கடவுளுக்குக் கும்பிடே வேண்டாம். எக்ஸ்சேஞ்சுல எங்களுக்கு ஒரு சட்டம். லைனைப் போட்டுக் குடுத்துட்டுக் காதை எடுத்துடணும். அவரும் அப்படித்தான். சேர்த்து வைப்பார், ஒட்டுக் கேக்க மாட்டார்."

கறார் அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அவள் சின்ன வயதில் அவள் வீட்டுக் கடவுளுக்கு உடம்பெல்லாம் கண். சர்க்கரை டப்பாவைத் தொட்டால்கூடப் பார்த்துவிடுவார். கல்யாணத்துக்குப் பின் அவர் கடைக்காரர் ஆனார்; இதைச் செய்கிறேன், அதைக் கொடு என்று பேரம். கணவன் விழுந்த அன்று அந்தக் கடை மூடியது. பிறகு எத்தனையோ உடம்புகளைத் துடைத்து, எத்தனையோ கடைசி மூச்சுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பின் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. வெந்நீரும் உலர்ந்த துணியும் வேளைக்குக் கிடைத்தால் அறைக்குள் வந்து போகிற ஓர் அமைதி, அவ்வளவுதான்.

"மனுஷங்களே இப்படித்தான் வந்திருப்பாங்க போல. முதல்ல இடிக்குப் பயந்து, அப்புறம் அது கூடவே பேரம் பேசி, ஏமாந்து, கடைசில சும்மா உக்காரக் கத்துக்கிட்டு" என்றாள்.

"எல்லாரும் எங்கடி வந்தாங்க? பாதிப் பேர் இன்னும் முதல் ஸ்டாப்புலயே நிக்கறாங்க" என்றார் ஹலோ அம்மா.

அப்புறம் மறதி நோய் வந்தது. கடைசியாகச் சேர்ந்தது முதலில் போகும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். அதன்படியே பேரன் போனான், மருமகன் போனார், இந்த வீட்டு விலாசம் போனது. கறார் அக்கா எல்லாவற்றையும் எதிர்பார்த்தாள். கடவுளும் அதே வரிசையில்தான் போவார் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

மாத்திரையைத் துப்புவதும், குளிக்க மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வதும் தினப்படி ஆனது. ஒரு காலையில் மூன்றாவது தடவையாக மாத்திரை தரையில் விழுந்தபோது, பொறுமை போய், தன் அம்மா தன்னிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"மேல இருந்து கடவுள் பார்த்துட்டே இருக்கார். அடம் பிடிக்கறவங்களை அவருக்குப் பிடிக்காது."

ஹலோ அம்மா வாயைத் திறந்தார்.

மறுநாளும் பலித்தது. குளிக்க, சாப்பிட, படுக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாக்கியம். "என்னக்கா மந்திரம் போட்டீங்க? அம்மா இவ்வளவு சமத்தா ஆயிட்டாங்க" என்று ஹலோ அம்மாவின் மகள் கேட்டபோது, "தொழில் ரகசியம்மா" என்று சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எதையும் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் அவள் யாருக்கும் ஊட்டியதில்லை. ஒரு மதியம் அவள் மகன் போனில் வந்தான். பேசிக்கொண்டே சூப்பை ஊட்டினாள். ஹலோ அம்மா ஒவ்வொரு கரண்டியையும் வாங்கிக்கொண்டார். மாலையில் பல் துலக்கிவிடும்போதுதான் நாக்கு வெந்து கொப்புளித்திருந்தது தெரிந்தது.

"சுடுதுன்னு ஏம்மா சொல்லல?"

ஹலோ அம்மா கதவுக்கு மேலே, கூரை மூலையைக் காட்டினார். குரலைத் தாழ்த்தினார். அது ஏழெட்டு வயதுப் பெண்ணின் குரல்.

"சொன்னா அவருக்குக் கேக்கும். அடம்னு நினைச்சுக்குவார்."

கறார் அக்கா விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அதற்கும் கூப்பிடவில்லை. அடிமுதுகில் தோல் சிவந்து கன்றியிருந்தது. சமத்து என்று அவள் பெருமைப்பட்டதெல்லாம் ஒரு குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததுதான். தனக்கு வேண்டாம் என்று என்றைக்கோ தூக்கி எறிந்த கடவுளை எடுத்து வந்து, எழுந்து ஓட முடியாத ஒருத்தியின் தலைமாட்டில் காவலுக்கு வைத்திருந்தாள்.

துடைத்து, மாற்றி, மருந்து தடவி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் ரொம்ப நல்லவர்மா. ஒண்ணும் செய்ய மாட்டார்."

"அப்படிச் சொல்லித்தான் வெளிய வர வைப்பாங்க."

"சரி, அங்க யாருமே இல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

அது இன்னும் மோசமாகப் போனது. "அப்ப நான் செத்தா என்னைக் கூட்டிட்டுப் போக யாரு வருவா?" என்று அழ ஆரம்பித்தவரைத் தேற்ற நெடுநேரம் ஆனது.

மகள் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கு, ஈரம், முதுகு, வாக்கியம். தன் பக்கம் பேசவில்லை.

மகள் தோள்பையை இறக்கி வைத்தாள். "எங்களையும் அம்மா அதைச் சொல்லித்தான் வளர்த்தாங்க. நான் இருட்டுல பாத்ரூம் போக மாட்டேன், அவர் பார்ப்பார்னு. அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, நான் உனக்குக் குடுத்த கடவுள் சரியில்லடி, மன்னிச்சுக்கோன்னாங்க. அந்த இடத்துக்கு வர அவங்களுக்கு அவ்வளவு காலம் ஆச்சுக்கா."

கறார் அக்காவுக்குத் தலை நிமிரவில்லை. "நான் நின்னுக்கவா?"

"நின்னுட்டா? புதுசா ஒருத்தர் வருவாங்க, அம்மாவுக்குப் புதுசா ஒரு பயம். இருங்க. நீங்க கொண்டு வந்தவரை நீங்களே சமாளிங்க."

மறுநாள் காலை உணவை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். முதல் கரண்டியைத் தானே வாயில் போட்டுக் காட்டினாள். ஹலோ அம்மாவின் கண் அதில் இல்லை, மூலையில் இருந்தது. ஹலோ அம்மாவைப் பொறுத்தவரை அங்கே இருப்பவர் நல்லவரும் இல்லை, இல்லாமலும் போக மாட்டார். மிச்சம் ஒரே வழிதான். கறார் அக்கா எழுந்து, இடுப்பில் கை வைத்து, அந்த வெறும் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"இங்க பாருங்க. இவங்க அடம் பிடிக்கல. சுட்டுச்சு, நனைஞ்சிருந்துச்சு, எல்லாம் நான் செஞ்ச தப்பு. கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க."

சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு வெட்கம் போய், சொன்னது நிஜம் என்பது மட்டும் நின்றது.

ஹலோ அம்மா அவளையே பார்த்தார். "உன்னை அடிப்பாரா?"

"அடிக்கட்டும்மா. அடிக்க வேண்டியதுதான்."

ஹலோ அம்மா கொஞ்சம் யோசித்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இரும்பு அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கைக் கண்ணால் காட்டினார்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்கேர்ந்து அவருக்குத் தெரியாது."

நாற்காலி அதில் நுழையவில்லை. கறார் அக்கா முக்காலியைக் கொண்டுவந்து, முழங்கால் இரண்டும் அலமாரியில் இடிக்க உட்கார்ந்து, பழக்கமில்லாத இடது கையால் ஊட்டினாள். ஹலோ அம்மா மெதுவாக மென்றார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே மூலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இன்னும் பாக்கலை" என்று அவளுக்குச் சொன்னார்.