தண்ணீர் மெஷினின் ஆறு திருகாணிகள்

கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் செல்போன் செய்யும் ஃபாக்டரி ஒன்றில் திருகாணி முடுக்கினேன். அது மட்டும்தான் வேலை. பெல்ட்டில் போன் வரும். மேலே தொங்கும் எலக்ட்ரிக் டிரைவரை இழுத்து, ஓரத்தில் இரண்டு திருகாணியை வைத்து முடுக்க வேண்டும். 'டுர்ர்' என்று சத்தம் வந்து நின்றால் சரி, அடுத்த போன் வந்துவிடும். எத்தனையோ ஆயிரம் போன்களை இப்படி மூடியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. திறக்கிற டிரைவர் எங்கள் லைனில் யாரிடமும் கிடையாது. வெளியே வரும்போது, தலைமுடியில் திருகாணி ஏதும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதைக்கூடச் சோதித்துத்தான் விடுவார்கள்.

கல்யாணமாகி, பழவேற்காடு ஏரியை ஒட்டிய இந்தக் குப்பத்துக்கு வந்தேன். இங்கே திருகாணி சாஸ்திரம் ரொம்ப எளிது. தலையில் ஒரு கோடு இருந்தால் மைனஸ். கூட்டல் குறி இருந்தால் ஸ்டார். உப்புக் காற்றில் துருவேறித் தலையே கரைந்திருந்தால் சுத்தி. இவை எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஒரு டெஸ்டர் இருக்கும். அதை வைத்து இன்ஜின் மூடியைத் திறப்பார்கள், பெயிண்ட் டப்பாவை நெம்புவார்கள், நண்டு ஓட்டை உடைப்பார்கள். கரண்ட் இருக்கிறதா என்பதை மட்டும் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் வந்த இரண்டாம் வருஷம் ஊருக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வந்தது. ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், ரிப்பன் வெட்டியவர்களுக்கே அது மறந்திருக்கும். எங்கள் அடிபம்பில் வருவது பாதி உப்பு என்பதால் நாங்கள் மறக்கவில்லை. ஒரு வருஷம் நன்றாகக் குடித்தோம். அடுத்த சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு காலையில், மெஷின் நின்றுவிட்டது.

மெஷின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தார்கள். புகாரைப் பதிவு செய்துகொண்டதாகச் சொன்னார்கள். நான்கு நாளாகியும் அது பதிவிலேயே இருந்தது. திருப்பாலைவனத்திலிருந்து டெம்போவில் கேன் தண்ணீர் வந்தது. அதற்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம்.

நான்காம் நாள் இளைஞர் சங்கத்தார் மெஷினைத் தாங்களே திறப்பது என்று முடிவெடுத்தார்கள். சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். முன் மூடியில் ஆறு திருகாணிகள். அவர் முதலில் டெஸ்டரை வைத்துத் திருகினார். டெஸ்டர் வளைந்தது. பிறகு மீன் வெட்டும் கத்தியின் முனை. முனை ஒடிந்தது. பிறகு யாரோ சுத்தியும் ஸ்டார் டிரைவரும் கொண்டுவந்து அடித்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு திருகாணியின் தலைகள் மழுங்கி, மென்று துப்பிய வெற்றிலை மாதிரி ஆகிவிட்டன.

எனக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் நின்றபடியே சொன்னேன்: "தம்பி, அது ஸ்டார் இல்ல. ஆறு இதழு. நடுவுல சின்னதா குத்தூசி மாதிரி நிக்குது பாரு. அதுக்கு நடுவுல ஓட்டை வெச்ச முனை வோணும்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணி, நீங்க தண்ணி புடிக்க வந்தீங்களா, கிளாஸ் எடுக்க வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் குடத்தை வீட்டில் வைத்த கையோடு போனில் திருகாணியைப் படம் பிடித்துக்கொண்டு, பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன்.

ஹார்டுவேர் கடை பாய் கேட்டார்: "இன்னாம்மா வோணும்?"

"ஸ்டார் டிரைவர், பாய்."

கூட்டல் முனை வைத்த ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது ப்ளஸ், பாய்."

"இதத்தாம்மா ஸ்டார்னு சொல்றது."

"அப்ப நெஜமான ஸ்டாருக்கு இன்னா சொல்வீங்க?" என்று போனில் படத்தைக் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "அத நாங்க விக்கிறதில்ல" என்றார்.

பொன்னேரிக்குப் போனேன். அங்கே பெரிய கடை. நீலப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே பல் வரிசை மாதிரி முப்பது முனைகள், சதுரம், அறுகோணம், ஆறு இதழ் என்று விதவிதமாக. உலகத்தில் மனிதர்களுக்குள் ஒத்துப்போகாததை எல்லாம் ஒரே பெட்டியில் அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒன்றின் நடுவிலும் ஓட்டை இல்லை. "முப்பது கீதே, ஒண்ணு கூடவா சேராது?" என்றார் கடைக்காரர், நான்தான் ஏதோ பிடிவாதம் பிடிக்கிற மாதிரி. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் தோன்றியது. முனையில் ஓட்டை போட முடியாது. ஆனால் திருகாணியில் நிற்கிற ஊசியை உடைக்கலாமே.

வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திறப்பது என்றபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர், உடைப்பது என்றதும் எழுந்துவிட்டார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாமே?" என்று சுத்தியை எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் வெயிலில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தோம். முதலில் மெயினை அணைத்தோம். மைனஸ் முனையை ஊசியின் பக்கவாட்டில் நான் பிடிக்க, அவர் ஒரே ஒரு தட்டு. 'டிக்' என்று ஊசி ஒடிந்தது. ஆறு இதழ் முனை அச்சாக உட்கார்ந்தது. திருப்பினேன். முதலில் அசையவில்லை, பிறகு கிரீச்சென்று இளகியது. மூன்று வருஷம் முடுக்கிய கைக்கு, ஒரு திருகாணி இடது பக்கம் சுழலும்போது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. நான்கும் அப்படியே வந்தன. சங்கத்தார் சேவை செய்திருந்த இரண்டின் தலையில் மட்டும் ஆக்ஸா பிளேடால் கோடு அறுத்து, மைனஸாக்கிக் கழற்றினோம்.

மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு ஒயர் கழன்று தொங்குகிறது. அதைப் பிடித்திருக்க வேண்டிய திருகாணி தளர்ந்திருந்தது. எங்களை வெளியே நிறுத்த வைத்த ஆறும் இரும்புப் பிடி. கரண்டைப் பிடிக்க வேண்டிய ஒன்று லொடலொட. அதுவும் சாதாரண மைனஸ். வீட்டிலிருந்த டெஸ்டரை எடுத்துவந்து இரண்டு சுற்று முடுக்கினேன். மெயினைப் போட்டதும் மோட்டார் உறுமியது.

சாயங்காலம் ஊர் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: 'நமது இளைஞர் சங்கத்தின் முயற்சியால் குடிநீர் இயந்திரம் மீண்டும் இயங்குகிறது.' கீழே செயலாளர் மெஷின் மேல் கை வைத்து நிற்கும் படம். பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் கைகூப்பியிருந்தார். "பாக்காம அழுத்திட்டேன்" என்றார்.

பத்து நாள் கழித்து இன்ஜினியர் வந்தார். மூடியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "யார் தொறந்தது? சீல் ஒடஞ்சிருக்கு. வாரண்டி போச்சு தெரியுமா?"

சுற்றி நின்ற சங்கம் மொத்தமும் ஒரே திசையில் விரலை நீட்டியது. "அண்ணிதான் சார். நாங்க வேணாம்னுதான் சொன்னோம்" என்றார் செயலாளர். பத்து நாளாகக் கிடைக்காத பெருமை ஒரு நொடியில் முழுசாக எனக்கே வந்து சேர்ந்தது.

"ஆமா சார், நான்தான். ஒரு ஒயர் கழண்டிருந்துச்சு, மாட்டினேன்" என்றேன்.

இன்ஜினியர் மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பையிலிருந்து ஆறு புதுத் திருகாணிகளை எடுத்தார். தலையில் இந்த முறை முக்கோணப் பள்ளம். முடுக்கி முடித்து டிரைவரைப் பைக்குள் வைக்கப் போனபோது கேட்டேன்: "சார், அந்த டிரைவரு ஒண்ணு ஊருல குடுத்துட்டுப் போங்களேன். மறுபடி நின்னுச்சுன்னா?"

"இத பப்ளிக்குக்குக் குடுக்க மாட்டோம்மா."

"பப்ளிக்னா யாரு சார்?"

"நீங்கதான்."

அவர் தலைக்கு மேலே இருந்த போர்டில் 'பொதுமக்கள் நலனுக்காக' என்று ஒரு அடி உயர எழுத்தில் எழுதியிருந்தது. அதைக் காட்டலாமா என்று நினைத்தேன். பாவம், மதிய வெயிலில் வந்தவர். குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

முக்கோண முனையைப் போனிலேயே தேடி ஆர்டர் போட்டேன். எங்கள் ஊருக்கு டெலிவரி இல்லை என்றது. பொன்னேரியில் இருக்கும் என் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்து வரவழைத்தேன். ஐப்பசி மழையில் மெஷின் மறுபடி நின்றபோது, செயலாளர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அண்ணி, அந்த டிரைவரு கொஞ்சம் குடுங்களேன். ரெண்டே நிமிஷம், தந்துர்றேன்."

"டிரைவரு தரமாட்டேன் தம்பி. நான் வரேன்" என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.